வராந்தாச் செடிகளின் மேல் ஒரு வெள்ளைப் பூச்சு

எங்கள் பள்ளி வராந்தாவில் 14 தொட்டிகள் இருக்கின்றன. மணி பிளான்ட் ஐந்து, குரோட்டன்ஸ் மூன்று, கற்பூரவல்லி இரண்டு, மருள், ரப்பர் செடி, துளசி, சேப்பங்கிழங்கு தலா ஒன்று. சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பதியம் கொண்டுவந்து வைத்தவை. தண்ணீர் ஊற்ற முறை போட்டிருந்தோம். இலையைத் துடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாசி முடிந்து பங்குனி பிறந்தபோது எல்லா இலையும் வெளுத்துக் கிடந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நெருங்கியது. பெற்றோர் வரும் நாளில் செடிகள் இப்படி இருந்தால் நன்றாக இருக்காதே என்று நானே முதல்நாள் மாலை ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ரப்பர் செடியையும் மணி பிளான்ட்டையும் துடைத்தேன். மறுநாள் கண்ணாடி போல மின்னின. ஒரு தாய், “என்ன டீச்சர் போட்டீங்க, இப்படிப் பளபளன்னு இருக்கு?” என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் முன்பைவிட மோசம். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி, இலை பழுப்புப் படலம் பூசியதுபோல் ஆகிவிட்டது. தண்ணீரில் துடைத்தால் போகவில்லை. ரப்பர் செடியின் கீழ் இலைகள் இரண்டு மஞ்சளித்து உதிர்ந்தன. ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தும் ஆசிரியை செய்த வேலை இது. அந்தக் குற்ற உணர்வில்தான் இந்த விஷயத்தை முறையாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் கேட்டது, இந்த வெள்ளைத் தூசி எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஓமலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “வெள்ளைக்கல் தூசிங்க.” சேலத்துக்கும் ஓமலூருக்கும் இடையே கருப்பூர், வெள்ளக்கல்பட்டி, மாமாங்கம் பக்கம் மேக்னசைட் வெட்டியெடுக்கும் குன்றுகள் இருப்பது நம் பகுதி ஆசிரியர்களுக்குத் தெரிந்ததே. ஆங்கிலேயர் அவற்றுக்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அங்கே இருப்பது சாக் அல்ல. மெக்னீசியம் நிறைந்த டியூனைட் என்ற பாறை காலப்போக்கில் மாறி, அதன் விரிசல்களில் வெள்ளை நரம்புகளாகப் படிந்த மெக்னீசியம் கார்பனேட்தான் மேக்னசைட். உருக்காலை உலைகளின் உட்சுவருக்குத் தேவையான, கடும் வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய அது பயன்படுகிறது. பெயரில் மட்டும் சாக் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவனின் தாத்தா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவன் வீட்டிலிருந்து முட்டை அளவு வெள்ளைக்கல் ஒன்றைக் கொண்டுவந்தான். சரி, சோதித்துவிடலாம் என்று இலையிலிருந்து சுரண்டிய தூளின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டோம். கார்பனேட் என்றால் நுரைக்க வேண்டுமே என்பது பாடம். நுரைக்கவில்லை. கல்லின் மேல் விட்டோம், அதிலும் நுரை இல்லை. “அப்ப ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்” என்று ஒருவன் முடித்தேவிட்டான்.

அங்கேதான் சறுக்கல். மேக்னசைட், குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் எளிதில் நுரைக்காது. சூடுபடுத்தினால்தான் நன்றாக வினைபுரியும். சுண்ணாம்புக்கல்லோ உடனே பொங்கும். ஆகவே நுரைக்காததால் அது மேக்னசைட் என்று சொல்லிவிட முடியாது. மண்ணும் நுரைக்காது, வேறு பல பொருள்களும் நுரைக்காது. இதைப் பிள்ளைகளுக்கு விளங்க வைக்க முழுப் பாடவேளை ஆயிற்று. வீணாகவில்லை. ஒரு சோதனை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை எந்தப் பயிற்சித்தாளும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

பிறகு செல்லோ டேப் முறைக்கு வந்தோம். செலவே இல்லாத முறை. இரண்டு அங்குல டேப்பை இலையின் மேற்பரப்பில் மெதுவாக அழுத்தி எடுத்து, கறுப்புச் சார்ட் அட்டையில் ஒட்டி, பக்கத்தில் இடத்தையும் தேதியையும் எழுத வேண்டும். அதே செடியின் இன்னொரு இலையில் எடுத்ததை வெள்ளை அட்டையில் ஒட்ட வேண்டும். வெள்ளைத் தூசி கறுப்பில் தெரியும், பழுப்புத் தூசி வெள்ளையில் தெரியும். கை உருப்பெருக்கி இருந்தால் துகளின் வடிவமும் புலப்படும். கேட்டுக்குப் பக்கத்துச் செம்பருத்தி, வராந்தாவில் அலுவலக அறைப் பக்கத் தொட்டிகள், வகுப்பறைப் பக்கத் தொட்டிகள், பின்புறக் குழாயடி என்று நான்கு இடங்களில் எடுத்தோம்.

சாலையோரச் செம்பருத்தியில் வந்தது பழுப்பும் கருமையும் கலந்த புழுதி. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் டயர் தேய்மானம், புகைக்கரி, மண் எல்லாம் அதில் இருக்கும். குழாயடியில் எதுவுமே இல்லை என்று சொல்லலாம். அலுவலகப் பக்கத்தில் மெலிதான பழுப்பு. வகுப்பறைப் பக்கத் தொட்டிகளில் மட்டும் கறுப்பு அட்டையில் மாவு தூவியதுபோல வெள்ளை.

குன்றிலிருந்து காற்றில் வந்த தூசி என்றால் வராந்தாவின் ஒரு பாதியில் மட்டும் எப்படி விழும்?

பதிலைச் சொன்னது கடைசி பெஞ்சில் அதிகம் பேசாமல் இருக்கும் பையன். “டீச்சர், அது ரோட்டுத் தூசி இல்லீங்க. நாமதான் அங்க டஸ்டர் தட்டறோம்.”

உண்மைதான். வகுப்பறை வாசலை ஒட்டிய தூணில், ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் டஸ்டரைத் தட்டுவார்கள். தூணில் அந்த இடமே வெளுத்திருந்தது. ஆண்டுக்கணக்காக அதைக் கடந்து போய்க்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் பல கிலோமீட்டர் தூரத்துச் சுரங்கத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சொன்னதை நம்பிவிடாமல் சோதிக்க வேண்டும் அல்லவா? 14 தொட்டிகளின் இலைகளையும் கழுவித் துடைத்துச் சுத்தமாக்கினோம். ஒரு வாரம் யாரும் தூணில் டஸ்டர் தட்டக் கூடாது. ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைக்க வேண்டும் என்று ஏற்பாடு. வார முடிவில் மீண்டும் டேப். இப்போது இரண்டு பக்கத்துத் தொட்டிகளிலும் ஒரே மாதிரி மெல்லிய பழுப்பு. வெள்ளை இல்லை. அலுவலகப் பக்கத் தொட்டிகள்தான் இந்தச் சோதனையில் ஒப்பீடு. அவை இல்லாவிட்டால், “அந்த வாரம் காற்று அடிக்கவில்லை” என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

நாம் பயன்படுத்தும் சாதாரண சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அதனால்தான் எலுமிச்சையில் நுரைக்கவில்லை. ‘டஸ்ட்லெஸ்’ என்று விற்கும் சாக்பீஸ்களில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் இருக்கும். அது நுரைக்கும். இரண்டையும் தூளாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எலுமிச்சை விட்டுக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டஸ்டரைத் தட்டும் வேலையை நான் ஒரு மாணவிக்குக் கொடுத்திருந்தேன். வகுப்பில் அமைதியாக, ஒழுங்காக இருப்பவள் என்பதற்காகப் பாராட்டாகக் கொடுத்த வேலை. அவளுக்குப் பனிக்காலத்தில் மூச்சிரைப்பு வரும், பையில் இன்ஹேலர் வைத்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை. செடியின் இலையில் படிந்ததை டேப்பில் ஒட்டிப் பார்த்த பிறகுதான், அதே தூளுக்கு நடுவில் நாளுக்கு எட்டு முறை அவள் முகம் இருந்திருக்கிறது என்று உறைத்தது. அவளுக்கு இரைப்பு சாக்பீஸால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு எந்த நுண்தூசியும் தொந்தரவைக் கிளப்பிவிடலாம் என்பது தெரிந்த விஷயம். அன்றே அந்த வேலையை நிறுத்தினேன். காரணம் கேட்ட அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். “பரவால்லீங்க டீச்சர்” என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி இலைக்கு வருவோம்.

தூசி இலைத்துளைகளை அடைத்துவிடும், அதனால் செடி மூச்சுவிட முடியாது என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். பாதி சரி. பெரும்பாலான மரம் செடிகளின் இலைத்துளைகள் இலையின் கீழ்ப்பக்கத்தில்தான் அதிகம். பலவற்றில் மேற்பக்கத்தில் இருப்பதே இல்லை. தூசியோ மேலிருந்து விழுகிறது. ஆகவே மேற்பக்கத் தூசி செய்யும் முதல் கெடுதல் ஒளியை மறைப்பது. வெயிலில் நிற்கும் செடிக்கு ஒளி மிச்சமாகவே கிடைக்கும். கொஞ்சம் மறைந்தாலும் தாங்கிக்கொள்ளும். வராந்தாவிலும் வீட்டுக்குள்ளும் இருக்கும் செடிக்குக் கிடைப்பதே குறைவு. அதிலும் ஒரு பங்கைத் தூசி தின்றுவிட்டால் செடி மெல்ல மெல்ல இளைக்கும். இரண்டாவது கெடுதல் சூடு. கரி கலந்த கருந்தூசி வெயிலை உறிஞ்சி இலையைச் சூடாக்கும். வெள்ளைத்தூள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். கடும் வெயிலில் பழங்கள் வெந்துபோகாமல் இருக்கக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துத் தெளிக்கும் பழத்தோட்ட விவசாயிகள்கூட இருக்கிறார்கள். ஆக, எந்தத் தூசி, எந்தச் செடி, எந்த இடம் என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

மிக நுண்ணிய தூசி காற்றோட்டத்தில் சுழன்று கீழ்ப்பக்கத்திலும் ஒட்டும். இலைத்துளையின் வாய் திறந்திருக்கும்போதும் அதன் அகலம் சில மைக்ரோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். எனவே கண்ணுக்குத் தெரியும் புழுதி துளைக்குள் நுழைய வாய்ப்பில்லை. கண்ணுக்குத் தெரியாத புகைக்கரிதான் அந்த வேலையைச் செய்யும். எண்ணெய் இதைவிட மோசம். துணியில் தொட்டு இலையின் இருபுறமும் நான் தேய்த்தபோது துளைகளின் வாயையே மூடிவிட்டேன்.

இதை மாணவர்களுக்குக் காட்ட எளிய வழி உண்டு. நிறமில்லாத நகப்பூச்சை இலையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு நகக்கண் அளவு பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் டேப் ஒட்டி உரித்து, கண்ணாடி வில்லையில் ஒட்டி நுண்ணோக்கியில் வையுங்கள். இலைத்துளைகளும் காப்பு செல்களும் அச்சாகத் தெரியும். மேற்பக்கத்திலும் ஒன்று எடுத்து ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அயோடின் சோதனையால் தூசி படிந்த இலைக்கும் சுத்தமான இலைக்கும் வித்தியாசம் காட்டலாம் என்று நானும் முயன்றேன். இரண்டும் நீலக்கறுப்பாகவே மாறின. மாவுப்பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும். கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்று அளந்து சொல்லாது. செய்து பார்க்க நினைப்பவர்கள் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

அரளிச் செடியை இங்கே பேசாமல் விட முடியாது. நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக அரளி நட்டிருப்பதைத் தினமும் பேருந்தில் பார்க்கிறோம். அவ்வளவு புகையிலும் புழுதியிலும் அது பூத்துக் குலுங்குகிறது. அதன் இலைத்துளைகள் கீழ்ப்பக்கத்தில் சிறு குழிகளுக்குள், மயிர்களால் மூடப்பட்டு உள்ளடங்கி இருக்கும். வறட்சி தாங்க அமைந்த அந்த அமைப்பு தூசிக்கும் ஒரு தடுப்பாகிறது. மேல்தோலும் தடிப்பு. ஆனால் அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. படத்திலோ தூரத்திலோ காட்டினால் போதும். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை

இயற்கை முறை என்று கேட்டதும் ஏதோ கைமருந்து எதிர்பார்ப்போம். தண்ணீர்தான் மருந்து. ரப்பர் செடி, மணி பிளான்ட், குரோட்டன்ஸ், மருள் போன்ற வழவழப்பான இலைகளுக்குப் பழைய பருத்தி வேட்டித் துண்டோ பனியன் துணியோ போதும். துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு உள்ளங்கையை இலையின் கீழே தாங்கலாகக் கொடுத்து, காம்பிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் மணல் துகள் இலையின் மேல்தோலைக் கீறும். இரண்டு மூன்று இலைக்கு ஒருமுறை துணியை அலசவேண்டும். கனத்த தூசி என்றால் முதலில் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் ஈரத்துணி. முதலிலேயே நனைத்தால் சேறாகிவிடும். கீழ்ப்பக்கத்தை மறக்கக் கூடாது. பூச்சிகள் குடியிருப்பது அங்கேதான். பள்ளியில் கட்டட வேலை நடந்தால் சிமென்ட் தூசியை அன்றன்றே தட்டிவிடுவது நல்லது. ஈரம் பட்டால் இறுகிப் பொருக்காகிவிடும்.

துணி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு நோயைக் கடத்தும். மாவுப்பூச்சி இருக்கும் செடியைக் கடைசியில் துடைத்து, துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவையுங்கள்.

கற்பூரவல்லி போன்ற ரோமம் உள்ள இலைகளைத் துணியால் துடைக்கக் கூடாது. ரோமம் உடையும், தூசியும் உள்ளே அழுந்தும். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷோ பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷோ கொண்டு வருடினால் உதிர்ந்துவிடும். கள்ளி வகைக்கும் இதுவே. துளசிக்கு ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது; பூவாளியால் காலையில் ஒரு தடவை நனைத்தால் சரி.

சேப்பங்கிழங்கு இலையைத் துடைக்கவே வேண்டாம். தாமரை போல அதுவும் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் இலை. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் மெழுகுத் துகள்களும் இருப்பதால் நீர் ஒட்டாமல் உருண்டையாகி உருண்டோடும். போகும்போது தூசியையும் சுருட்டிக்கொண்டு போகும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், நைன்ஹுய்ஸ் என்பவருடன் சேர்ந்து 1997-இல் தாமரை இலை பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே இதைத் ‘தாமரை விளைவு’ என்று அழைக்கிறது. அழுக்கு ஒட்டாத சுவர்ப் பெயின்ட் வரை இந்த யோசனை போயிருக்கிறது. துணியால் தேய்த்தால் மெழுகு போய்விடும், அப்புறம் தண்ணீர் ஒட்டும். சேப்பங்கிழங்கு இலையில் ஒரு சிட்டிகை சாக்பீஸ் தூளைத் தூவி, மேலிருந்து நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுங்கள். எங்கள் ஏழாம் வகுப்பு கைதட்டியது. மணி பிளான்ட் இலையிலும் அதையே செய்து பக்கத்தில் வைத்தால் பாடம் முடிந்தது.

எந்தத் தண்ணீர் என்பது நம் ஊரில் முக்கியம். ஓமலூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். பாத்திரத்தில் வெள்ளை வளையம் விடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த நீரை இலையில் தெளித்து அப்படியே காயவிட்டால் சொட்டுச் சொட்டாக வெள்ளைப் புள்ளி விழும். தூசி போய் உப்பு வரும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் போர் தண்ணீரையே பயன்படுத்தலாம். துடைத்ததும் காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முன்பே விழுந்த உப்புக் கறைக்கு ஒரு சொம்பு தண்ணீரில் அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டுத் துணியில் தொட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலசலாம். எதையும் முதலில் ஒரே ஒரு இலையில் செய்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். 14 தொட்டிக்கும் சேர்த்து அரை வாளித் தண்ணீருக்குமேல் செலவாகவில்லை என்பதையும் சொல்கிறேன். கோடையில் குழாயடியில் குடம் வரிசை நிற்கும்போது செடிக்குக் குளியலா என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான்.

எண்ணெய்ப் பிசுக்கு, கரிப்பிசுக்கு இருந்தால் வெறும் தண்ணீர் போதாது. நான் பூசிய தேங்காய் எண்ணெயை எடுக்கப் பூந்திக்கொட்டை உதவியது. நான்கைந்து கொட்டைத் தோலை இரவு ஊறவைத்துப் பிசைந்து, வடிகட்டி, ஒரு வாளி நீரில் கலந்தால் லேசாக நுரைக்கும். அதிலுள்ள சப்போனின் பிசுக்கைக் கரைத்துவிடும். நம் பக்கம் தலைக்குத் தேய்க்கும் அரப்பிலும் இதே பொருள் உண்டு. ஒரு மாணவி வீட்டிலிருந்து அரப்புத் தூள் கொண்டுவந்தாள். வேலை செய்தது, ஆனால் சரியாக வடிகட்டாததால் இலை முழுக்கப் பச்சைத் திப்பி. மீண்டும் அலச வேண்டியதாயிற்று. சப்போனின் மீனுக்கு ஆகாது, அந்த நீரை மீன் தொட்டியிலோ குட்டையிலோ ஊற்றிவிடக் கூடாது.

வீடுகளில் சொல்லப்படும் மற்றவை பற்றி என் கருத்து இது. பால் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும். கொழுப்புப் படலமும் புளித்த வாடையும் எறும்பும் பின்னாலேயே வரும். வாழைப்பழத் தோலும் அப்படித்தான், பிசுபிசுப்பை விட்டுப் போகும். அரிசி களைந்த கழுநீர் நல்லதுதான். வேருக்கு ஊற்றுங்கள், இலைக்கு வேண்டாம், கஞ்சிப் படலம் படியும். பளபளப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை நான் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

“வெயிலில் இலையில் தண்ணீர் பட்டால் சொட்டு லென்ஸ் மாதிரி வேலை செய்து இலையைச் சுட்டுவிடும்” என்று ஆசிரியர் அறையில் ஒரு விவாதம் நடந்தது. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். வழவழப்பான இலைகளில் அப்படிச் சுடுவதில்லை; ரோமத்தின் மேல் சொட்டு தூக்கி நிற்கும் இலைகளில் மட்டுமே அதற்கு வாய்ப்பு உண்டு என்று கண்டார்கள். எப்படியிருந்தாலும் காலை வேளைதான் நல்லது. மாலையில் நனைத்தால் இரவெல்லாம் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கும்போது கவனம் தேவை. மணி பிளான்ட், சேப்பங்கிழங்கு ஆகியவற்றின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன; தோல் அரிக்கும், வாயில் பட்டால் எரியும். ரப்பர் செடியின் பாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இலையைக் கிள்ளாமல் துடைக்கச் சொல்லி, முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்யுங்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்குக் காய்ந்த பிரஷ் வேலை வேண்டாம்.

வகுப்பறையில் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற வாட்ஸ்அப் செய்தி பெற்றோர் குழுவில் அடிக்கடி சுற்றுகிறது. அதன் மூலம் 1989-இல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆய்வறிக்கை. சிறிய மூடிய பெட்டிக்குள் செய்த சோதனை அது. காற்று வந்து போகும் சாதாரண அறையில் செடிகளின் பங்கு மிகச் சொற்பம் என்று, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று 2019-இல் சொன்னது. இரண்டு ஜன்னலைத் திறந்து வைப்பது அதைவிடப் பலன் தரும். செடி வேண்டாம் என்பதல்ல. பிள்ளைகளிடம் இல்லாததைச் சொல்ல வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

டஸ்டர் விஷயத்தில் இப்போது எங்கள் ஏற்பாடு: ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ஈரத்துணி, ஒரு சிறிய பிளாஸ்டிக் வாளி. பாடவேளை முடிவில் ஆசிரியரே துடைத்துவிடுகிறார். பலகை காய இரண்டு நிமிடம் பிடிக்கிறது. அதற்குள் வருகைப் பதிவு முடிந்துவிடும். டஸ்டரையும் வைத்திருக்கிறோம், வாரம் ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயவைக்கிறோம். முதல் வாரம் சக ஆசிரியர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அந்தக் கறுப்பு அட்டையைக் காட்டிய பிறகு அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

டஸ்டர் தட்டிய மாணவிக்கு இப்போது வேறு வேலை. கை உருப்பெருக்கியுடன் இலைகளின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுவது. சித்திரை முதல் வாரத்தில் கேட்டோரச் செம்பருத்தியில் சிவப்புச் சிலந்தி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா குண்டுமல்லித் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவர். “மண் ரோட்டு ஓரத்து வரிசையிலதான் எப்பவும் சிலந்தி முதல்ல புடிக்கும்” என்று அவர் சொன்னதை மறுநாள் வகுப்பில் வந்து சொன்னாள். அது சரியான கவனிப்பு. சிலந்திப்பேன்களைத் தின்று கட்டுக்குள் வைக்கும் பூச்சிகளுக்குப் புழுதி தொல்லை. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் சிலந்திப்பேன் பெருகிவிடும். செம்பருத்தி இலைகளின் அடிப்பக்கத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். இரண்டு வாரத்தில் குறைந்தது.

வாசலில் நிற்கும் வேப்பமரத்தை யார் துடைப்பது என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். மழை துடைக்கும் என்றேன். கோடை மழை ஒன்று பெய்த மறுநாள் காலை அவனே டேப்போடு வந்து நின்றான். வேப்பிலையில் ஒட்டி எடுத்து, மழைக்கு முன் எடுத்ததற்குப் பக்கத்தில் ஒட்டினோம். மேற்பக்கம் ஏறக்குறையச் சுத்தம். கீழ்ப்பக்கத்தில் எடுத்த டேப்பில் பழுப்பு அப்படியே இருந்தது. அட்டை இன்னும் ஏழாம் வகுப்புச் சுவரில் தொங்குகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒட்ட மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.